கட்சி மாறியவரின் அறம்: எதுவார் குபேரும் விபீடண சரணாகதியும்

ஒருவர் தம்மை வளர்த்து ஆளாக்கிய அணியை விட்டு நீங்கி, நேற்றுவரை எதிர்த்த அணியில் போய்ச் சேரும்போது அச்செயலை எதைக் கொண்டு அளப்பது என்பது அறவியலில் பழைய வினா. தமிழ்ச் சூழலில் அது ஒருபோதும் ஏட்டளவில் நின்ற வினா அன்று. வழக்கமாக இரண்டு அளவுகோல்கள் முன்வைக்கப்படுகின்றன. உள்நோக்கம் என்பது அவர் எந்த எண்ணத்தோடு மாறினார் என்று கேட்பது. விளைவு என்பது அவர் மாறியதால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது. இவ்விரண்டும் ஒரே விடையைத் தரும் இடங்களில் தீர்ப்பு எளிது. நோக்கம் ஐயத்துக்குரியதாகவும் விளைவு பலரும் வேண்டிநின்ற நன்மையாகவும் அமைந்துவிடும் இடத்தில்தான் அளவுகோல்கள் ஒன்றையொன்று மறுக்கத் தொடங்குகின்றன. புதுச்சேரியின் முதல் முதலமைச்சரான எதுவார் குபேரின் அரசியல் வாழ்வு அத்தகைய இடம்.

1894இல் புதுச்சேரியில் ஐரோப்பிய, இந்திய மரபுகள் கலந்த குடும்பத்தில் பிறந்த குபேர், நீதிமன்ற எழுத்தராகப் பணியாற்றி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அரசியலின் முன்வரிசைக்கு வந்தவர். 1947இல் உருவான பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சி அவர் தலைமையில் வளர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியா விடுதலை பெற்ற அதே ஆண்டில், புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகிய பிரெஞ்சுப் பகுதிகள் உள்ளாட்சி உரிமைகளோடு பிரெஞ்சு ஒன்றியத்துக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது அக்கட்சியின் நிலைப்பாடு. பிரெஞ்சு ஒன்றியம் என்பது போருக்குப் பின் பிரான்ஸ் தன் குடியேற்ற நாடுகளைப் புதிய பெயரில் சேர்த்துக் கட்டிய அமைப்பு. சோஷலிஸ்ட் என்ற சொல் இங்கு வர்க்கப் போராட்டத்தையோ உற்பத்திக் கருவிகளைப் பொதுவாக்குவதையோ பெரிதும் குறிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொழிலாளர் இயக்கம் என்று புதுச்சேரியில் உண்மையாகவே பெயர் சொல்லத்தக்கது எதிரணியில், வ. சுப்பையாவின் பொதுவுடைமை இயக்கத்தில் இருந்தது. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்ததும், அப்போராட்டத்தைத் தொடர்ந்து எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமானதும் அவ்வியக்கத்தின் வரலாறு. குபேரின் கட்சி பெரும்பாலும் ஊர்ப் பெரியவர்கள், நகராட்சி உறுப்பினர்கள், பதவிகள் ஆகியவற்றின் வழியே பின்னப்பட்டது. 1948 அக்டோபரில் நடந்த நகராட்சித் தேர்தல்களில் பெருவெற்றி கண்டதும் அக்கட்சிதான். 1951இல் குபேர் பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதியாகப் பாரிசிலுள்ள தேசிய மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவ்வாண்டுகளின் தேர்தல்களில் மிரட்டலும் அடிதடியும் தாராளமாக இருந்தன என்பதை இருதரப்பும் மறுப்பதில்லை. அவற்றுக்குச் சோஷலிஸ்டுகளே பொறுப்பு என்று பொதுவுடைமையரும் இந்தியாவுடனான இணைப்பின் ஆதரவாளர்களும் கூறிவந்தனர். 1949இல் இந்தியாவுடனான சுங்க ஒன்றியம் முடிவுக்கு வந்து, நகரைச் சுற்றிச் சுங்கச் சாவடிகள் எழுந்தபின், கள்ளக் கடத்தல் என்ற குற்றச்சாட்டும் ஆளும் தரப்பைத் தொடர்ந்தது. இந்தப் பின்னணியில்தான் 1954 மார்ச் 18 அன்று நடந்தது வியப்பளித்தது. ஆட்சிக் குழுவினரும் புதுச்சேரிப் பகுதியின் நகராட்சித் தலைவர்களும், வாக்கெடுப்பு ஏதுமின்றி இந்தியாவுடன் இணைய வேண்டும் என்று தீர்மானித்தனர். குபேர் அத்தீர்மானத்தின் பக்கம் நின்றார். மார்ச் 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏறியது. அங்கே அமைந்த தற்காலிக அரசுக்குக் குபேரே தலைமையேற்றார். பிரெஞ்சு ஒன்றியத்தின் பெயரால் வாக்குக் கேட்டு வென்று பாரிசு சென்றவர், மூன்றே ஆண்டுகளில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான அரசின் தலைவராகக் கிராமத்துக் காவல் நிலையத்து வாசலில் நின்றார்.

அவருடைய மாற்றத்துக்கு இரு விளக்கங்கள் உண்டு. பிரெஞ்சு நிர்வாகத்தோடு உறவு முறிந்து, விசாரணைகள் நெருங்கியதால் அவர் தப்பிக்க வழி தேடினார் என்பது ஒன்று. இந்தோசீனாவில் பிரான்சின் கை தளர்ந்ததையும் மக்களின் மனம் திரும்பியதையும் கண்டு காலத்தை உணர்ந்தார் என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே மனிதருக்குள் ஒரே நேரத்தில் இருந்திருக்கத் தடையில்லை என்பதை வாதிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவாகவும் 8 பேர் எதிராகவும் வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்று, அவ்வாண்டு ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. காங்கிரசில் சேர்ந்திருந்த குபேர் 1963 ஜூலை 1 அன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் முதல் முதலமைச்சரானார்; அடுத்த ஆண்டே வெங்கடசுப்ப ரெட்டியார் அப்பதவிக்கு வந்தார்.

இம்மாற்றத்தை எடைபோடத் தமிழ் மரபில் முன்னரே ஒரு வழக்கு நடந்து, இரு வேறு மன்றங்களில் இரு வேறு தீர்ப்புகளைப் பெற்றிருக்கிறது. அண்ணனை விட்டு இராமனிடம் வந்த விபீடணனின் வழக்கு அது. மக்கள் பேச்சில் விபீடணன் என்றால் வீட்டைக் காட்டிக்கொடுத்தவன். எட்டப்பனுக்கு இணையான வசைச்சொல். வைணவ மரபிலோ அவன் சரணாகதியின் முன்மாதிரி. சரணாகதி என்பது தன் முயற்சியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்று உணர்ந்தவன், காக்கவல்ல ஒருவனிடம் தன்னை முழுமையாக ஒப்படைத்தல். ஒரே மனிதன், ஒரே செயல், ஒரே கடற்கரை. ஆயினும் திண்ணையில் ஒரு தீர்ப்பும் கோயில் மண்டபத்தில் வேறொரு தீர்ப்பும். இந்த முரணைத் தமிழர் நூற்றாண்டுகளாகச் சங்கடமின்றிச் சுமந்துவந்திருப்பது, இரு தீர்ப்புகளும் வேறு வேறு வினாக்களுக்கு விடைகளாக இருப்பதால்தான்.

வால்மீகி காட்டும் ஆலோசனை இங்கு நுணுக்கமாகப் படிக்கத்தக்கது. இடுக்கண் வந்த நேரத்தில் உடன்பிறந்தவனையே விட்டவன் நாளை யாரைத்தான் விடமாட்டான் என்பது சுக்கிரீவனின் வாதம். வாதம் வலுவானது, அதைச் சொல்பவன் தன் அண்ணன் வாலியை வீழ்த்தச் செய்து அரசு பெற்றவன் என்பதை அறிந்த வாசகருக்கு அதில் ஒரு நகைச்சுவையும் உண்டு, இராமனும் எல்லா உடன்பிறப்புகளும் பரதனைப் போன்றோர் அல்லர் என்று சொல்லி அதை மெல்லத் தொட்டுச் செல்கிறான். அனுமனின் வாதமோ எதிர்பாராத திசையில் செல்கிறது. விபீடணன் தன்னலம் அற்றவன் என்று அனுமன் நிறுவ முயலவில்லை. வாலி வீழ்ந்ததையும் சுக்கிரீவன் முடிசூடியதையும் கேள்விப்பட்டு, தனக்கும் அரசு கிட்டும் என்ற விருப்பத்தோடு, நன்கு எண்ணிப் பார்த்தே இவன் வந்திருக்கிறான் என்கிறான். ஆகவே ஏற்கலாம் என்கிறான். பதவி ஆசை இங்கு மறைக்கப்பட வேண்டிய குறையாக இல்லாமல், வருகையை நம்பத்தக்கதாக்கும் சான்றாக மாறிவிடுகிறது. குபேரைக் குறித்து, பதவிக்காகத்தான் வந்தார் என்று கூறி வழக்கை முடித்துக்கொள்வோருக்கு அனுமனின் வாதத்தைக் காட்டினால் போதும். அந்த வாக்கியம் வழக்கின் தொடக்கம் மட்டுமே.

இராமனின் விடை அனுமனையும் கடந்தது. ஒருமுறை அடைக்கலம் என்று வந்தவருக்கு அஞ்சாமை அளிப்பது தன் நோன்பு, வந்தவன் விபீடணனாயினும் இராவணனே ஆயினும் சரி என்பது அவன் நிலை. அதாவது, ஏற்பது வருபவரின் தகுதியைப் பொறுத்ததன்று, ஏற்பவரின் இயல்பைப் பொறுத்தது. வேதாந்த தேசிகர் அபயப்ரதான சாரம் என்ற தனி நூலையே இப்பகுதிக்காக எழுதினார். அவர் பல ஆண்டுகள் வாழ்ந்த திருவகீந்திரபுரம், கெடிலத்தின் கரையில், பழைய பிரெஞ்சு எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது. வருபவரின் குறையை ஏற்பவர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதில் வைணவத்தின் இரு கலைகளும் பிரிகின்றன. இறைவன் அடியவரின் குற்றங்களைக் காணாதவன்போல் இருந்துவிடுகிறான் என்பது வடகலையார் கொள்கை. பசு ஈன்ற கன்றின் உடலிலுள்ள அழுக்கை விரும்பி நக்குவதுபோல் குற்றத்தையே இன்பமாகக் கொள்கிறான் என்பது தென்கலையார் கொள்கை. கட்சிகள் ஆள் சேர்க்கும் முறையைப் பார்த்தால், இந்தியாவின் பெரிய கட்சிகள் அனைத்தும் இவ்விஷயத்தில் தென்கலையைச் சேர்ந்தவை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

வள்ளுவரின் அரசியல் இதற்கு நேர் எதிரான கதவைத் திறக்கிறது. தெரிந்து தெளிதல் என்ற அதிகாரம், ஒருவரை நம்பிப் பொறுப்பளிக்கும் முன் அறம், பொருள், இன்பம், உயிரச்சம் ஆகிய நான்கின் வழியே ஆராய்ந்து தெளியச் சொல்கிறது. வினைக்குரிய அதிகாரங்களில் தூய்மையைத் திட்பத்துக்கு முன்னே வைத்த வரிசையும் தற்செயல் என்று தோன்றவில்லை. ஆக, அடைக்கலம் தேர்வு கேட்காது; பதவி தேர்வு கேட்கும். இந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டால், 1954இல் குபேரைச் சேர்த்துக்கொண்டது ஒரு செயல், 1963இல் அவரை முதலமைச்சராக்கியது முற்றிலும் வேறு செயல் என்று கூறி, முதலாவதைச் சரணாகதிக்கும் இரண்டாவதைத் திருக்குறளுக்கும் ஒப்படைத்துவிடலாம். கவர்ச்சியான தீர்வு, ஆனால் வால்மீகி அதற்கு இடம் தரவில்லை. இராமன் விபீடணனிடம் இராவணனின் படைவலியைக் கேட்டறிந்த கையோடு, கடல்நீரைக் கொண்டுவரச் செய்து, அந்தக் கடற்கரையிலேயே அவனை இலங்கைக்கு அரசனாக முடிசூட்டச் செய்கிறான். அடைக்கலமும் செய்தியும் பதவியும் ஒரே சந்திப்பில் கைமாறுகின்றன. உரையாசிரியர்கள் இதற்குக் கருணை என்று பொருள் கண்டனர். அரசியல் படித்தவர் இதில் பேரத்தின் வடிவத்தையும் காண்பதைத் தடுக்க முடியாது.

கம்பனில் இவ்வழக்குக்கு மூன்றாவது குரல் ஒன்று கிடைக்கிறது. போர்க்களத்தில் தன்னை இராமன் பக்கம் அழைக்க வரும் தம்பியிடம் கும்பகருணன், நீ அங்கேயே இரு, நான் சோறிட்டவனுக்காக இங்கேயே மடிகிறேன் என்ற பொருளில் விடையளிக்கிறான். அண்ணன் செய்தது தவறு என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் நிற்கிறான். தமிழ் மனம் கும்பகருணனுக்காக உருகும் அளவுக்கு விபீடணனுக்காக உருகுவதில்லை. செய்ந்நன்றி என்ற சொல்லின் எடை அப்படிப்பட்டது. கீழூரில் எதிர்த்து வாக்களித்த 8 பேரை வரலாற்று நூல்கள் ஓர் எண்ணாக மட்டும் விட்டுச்செல்கின்றன. அந்த எட்டு வாக்குகளில் எத்தனை கும்பகருணனுடையவை, எத்தனை வெறும் கணக்குப் பிழைகள் என்று யாரும் விசாரித்ததாகத் தெரியவில்லை.

பற்று மாறுவதைப் பிறப்போடு ஒட்டாத ஒரு செயலாக, ஏட்டில் பதிந்து கையெழுத்திடும் செயலாகக் காணும் பழக்கம் புதுச்சேரிக்கு முன்னரே உண்டு என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, பிரெஞ்சிந்தியர் ஒருவர் தம் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறப்பதாக அறிவித்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்குள் வந்து, புதிய குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ளலாம். அவ்வாறு செய்தோர் ரெனோன்சான், அதாவது துறந்தோர் எனப்பட்டனர். ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்கு வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிசின் உயர்நீதிமன்றம்வரை சென்று வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, அம்முறையில் லப்போர்த் என்ற பெயரை ஏற்றார். 1962க்குப் பின் அதே வகை ஏடு மறுபடி திறந்தது: பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஒப்பந்தம் ஆறு மாத அவகாசம் தந்தது, ஊரார் சொல்தா என்று அழைக்கும் பிரெஞ்சுப் படை ஓய்வூதியர்கள் உட்படச் சில ஆயிரம் பேர் அவ்வாறு தேர்ந்தனர். ஒரே தெருவில் ஒரு வீடு இந்தியாவையும் எதிர்வீடு பிரான்சையும் தேர்ந்தபோது, யாரும் யாரையும் விபீடணன் என்று அழைக்கவில்லை. தனக்காக மட்டும் மாறுபவரிடம் ஊர் பொறுமை காட்டுகிறது. பிறரையும் தன்னோடு மாற்றுபவரிடம்தான் கணக்குக் கேட்கிறது.

சட்டம் இந்த உணர்வைத் தலைகீழாக்கியிருக்கிறது. 1985இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை, கட்சித் தாவலைத் தடுக்க வந்தது. புதுச்சேரிச் சட்டமன்றத்துக்கும் அது பொருந்தும். அதன்படி ஒருவர் தனியே சென்றால் அது தாவல், பதவி போகும். சட்டமன்றக் கட்சியில் மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து சென்றால் அது இணைப்பு, பதவி நிற்கும். நோக்கத்தை அச்சட்டம் கேட்பதே இல்லை. தலைகளை மட்டும் எண்ணுகிறது. மனச்சான்றின்படி தனித்து விலகுபவரே தண்டனைக்கு உரியவராகவும், கூட்டத்தோடு செல்பவர் குற்றமற்றவராகவும் ஆகும் இந்த விந்தையை, உறுப்பினர்கள் முன்கூட்டியே பதவி விலகிக்கொள்வதன் மூலம் மேலும் எளிதாக்கிக்கொண்டனர் என்பதற்கு 2021 பிப்ரவரியில் அடுத்தடுத்த விலகல்களால் பெரும்பான்மை இழந்து வீழ்ந்த புதுச்சேரி அமைச்சரவையே சான்று. கட்சியே இடம்பெயர்ந்துவிடும் வழியும் இருக்கிறது. 1967இல் சமயத்தையே தடைசெய்த அல்பேனியாவில், ஆட்சியிலிருந்த தொழிலாளர் கட்சி 1991இல் சோஷலிஸ்ட் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அவ்வாண்டு பிரதமராக இருந்து அக்கட்சியின் தலைவரான ஃபாத்தோஸ் நானோ, 1993இல் கைதாகி, 1997 கலவரத்தின்போது சிறையிலிருந்து வெளிவந்து, அதே ஆண்டில் மீண்டும் பிரதமரானார். வீட்டை விட்டு யாரும் வெளியேறாமல் வீட்டையே நகர்த்திவிட்டால் விபீடணன் என்று யாரைச் சுட்டுவது?

ஆகவே குபேரின் வழக்கில் நோக்கத்தைத் தோண்டுவதும் விளைவைக் கூட்டுவதும் ஓர் எல்லைக்கு மேல் பயன் தருவதில்லை. இணைப்பு வேண்டும் என்று பல ஆண்டுகளாக அடிபட்டுப் போராடியவர்கள் இருந்தார்கள். கடைசிச் சில மாதங்களில் வந்து சேர்ந்தவர் வரவேற்புப் பந்தலின் நடுவில் அமர்ந்தார். அவர் வராமல் இருந்திருந்தால் கீழூர் எண்ணிக்கை அவ்வளவு எளிதாக வந்திருக்காது என்பதும் உண்மை. தில்லி அவரை ஏற்றது சரியே. பெரிய மோதலின்றி எல்லை மாறுவதற்கு அவர் போன்றவர்களின் மாற்றம் தேவைப்பட்டது என்றால், நெஞ்சைப் பிளந்து பார்த்துவிட்டுத்தான் ஏற்பேன் என்று ஓர் அரசு சொல்ல முடியாது. இன்று கடற்கரைச் சாலைக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் அவர் பெயர் இருக்கிறது. மீன் கூடையும் வாழையிலைக் கட்டும் இடிபடும் அந்தச் சந்துகளில் வாங்குவோரும் விற்போரும் பெரிய மார்க்கெட்டு என்றுதான் சொல்கின்றனர். பெயர்ப்பலகை தனக்குள் வேறொன்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஏற்கும் உரிமை உள்ளவருக்கு எதையெல்லாம் மன்னிக்கும் உரிமை உண்டு என்ற வினா அத்தோடு தீர்வதில்லை. சரணாகதி எல்லாக் குற்றங்களையும் கழுவும் என்று கூறிய அதே வைணவ ஆசாரியர்கள், அதற்கு ஒரு விலக்கையும் கடுமையாக வலியுறுத்தினர். அது பாகவத அபசாரம், அதாவது இறைவனுக்கு எதிராக அல்லாமல் அவனுடைய அடியவர்களுக்கு எதிராக இழைத்த தீங்கு. தனக்குச் செய்த பிழையை இறைவன் பொறுப்பான். பிறருக்குச் செய்த பிழையைப் பொறுக்கும் அதிகாரம் அவனிடம் இல்லை, பாதிக்கப்பட்டவரிடம் மட்டுமே உண்டு. விபீடணன் இராமனின் படையில் எவரையும் முன்னர் துன்புறுத்தியவன் அல்லன். தூதனாக வந்த அனுமனைக் கொல்லக் கூடாது என்று தடுத்தவனே அவன். அந்த வழக்கு எளிதானதற்கு அதுவும் ஒரு காரணம். குபேரின் வழக்கில் முன்கணக்கு வேறு. தேர்தல் நாட்களில் ஓட ஓட விரட்டப்பட்டவர்கள், ஊரைவிட்டு எல்லைக்கு அப்பால் தஞ்சம் புகுந்த இணைப்பு ஆதரவாளர்கள், பொதுவுடைமைத் தொண்டர்கள் ஆகியோருக்கும் சோஷலிஸ்ட் கட்சிக்கும் இடையிலான கணக்கு அது. 170 வாக்குகள் ஒரு நிலப்பரப்பின் இறைமையை மாற்றலாம். தில்லி ஒரு தலைவரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவ்வாக்குகளுக்கோ தில்லிக்கோ இந்தக் கணக்கை நேர்செய்யும் அதிகாரம் இருந்ததில்லை. சுப்பையா எதிரணியில் தொடர்ந்து, 1969இல் அமைந்த கூட்டணி அமைச்சரவையில் அமைச்சரானார். குபேர் 1979இல் காலமானார்.

பாகவத புராணத்தின் ஒன்பதாம் கந்தத்தில் வரும் அம்பரீஷன் கதை இந்த விலக்கின் வடிவம். அம்பரீஷனைச் சினந்து கொல்ல முயன்ற துர்வாசரைத் திருமாலின் சக்கரம் துரத்துகிறது. பிரமனிடம் ஓடுகிறார், சிவனிடம் ஓடுகிறார், இறுதியில் திருமாலின் காலிலேயே விழுகிறார். அடைக்கலம் என்று வந்தவரைக் கைவிடாத அந்தக் கடவுள், இதில் தன்னால் ஆவது ஒன்றுமில்லை, யாருக்குப் பிழை செய்தீரோ அவரிடமே செல்லும் என்று திருப்பியனுப்புகிறார். துர்வாசர் திரும்பி வந்து சேர ஓராண்டு ஆகிறது. வாசலிலிருந்து சினத்தோடு வெளியேறியவர் திரும்பி வந்து உண்ணும்வரை தானும் உண்பதில்லை என்று, அந்த ஓராண்டும் நீரை மட்டும் பருகி அம்பரீஷன் காத்திருக்கிறான்.